அரைமனதாகப் பார்த்தால்தான் என்ன?

ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டு இளைஞர்களுக்கு நம் கோயில்களின் அருமை தெரியவில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். முதுகில் பெரிய பையோடு வருகிறார்கள், தஞ்சைப் பெரிய கோயிலை அரை மணி நேரத்தில் சுற்றி முடிக்கிறார்கள், மிச்ச நேரம் பிராகாரத்தில் உட்கார்ந்து செல்போனை நோண்டுகிறார்கள் என்பது அவர் புகார். கும்பகோணத்தில் வீட்டு மாடி அறைகளை இப்படி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன் நான். அவர் சொல்வது உண்மைதான். அதில் கோபப்பட என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

மாமல்லபுரம், சிதம்பரம் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள். அப்புறம் ஸ்ரீரங்கம், மதுரை. ஒரே மூச்சில் இத்தனை கோயிலைப் பார்த்தால் யாருக்கும் கண் மரத்துத்தான் போகும். நம்மவர்கள் மட்டும் என்னவாம்? திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருவெண்காடு, திருநள்ளாறு என்று ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் முடிக்கிற வேன்கள் எங்கள் ஊரிலிருந்து தினமும் கிளம்புகின்றன. ஏழாவது கோயில் வாசலில் இறங்குகிறவர் முகத்தில் பக்தியைவிடப் பசிதான் தெரியும். அவரை யாரும் குறை சொல்வதில்லை.

வருகிறவர்களுக்கு நாம் எதைக் காட்டுகிறோம்? உயரம், எடை, உலகத்திலேயே பெரியது. போதாக்குறைக்கு, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை வேறு. மாலையில் நடை திறந்ததும் போய்ப் பாருங்கள், நிழல் பிராகாரத்தில் நீளமாகக் கிடக்கும். என் மாடியில் தங்கியிருந்த ஒரு பையன் அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டேதான் இந்தக் கதையைக் கேட்டானாம். அதோடு வழிகாட்டி சொன்ன மற்ற எதையும் அவன் நம்பத் தயாராக இல்லை, சரியான விஷயங்களையும் சேர்த்துத்தான்.

இத்தனைக்கும் சொல்வதற்கு நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. ராஜராஜன் இந்தக் கோயிலுக்காகச் சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயில் பணிக்கென்று நானூறு தளிச்சேரிப் பெண்களை, அதாவது ஆடல் மகளிரை, கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டியிருக்கிறது. ஊதியமாகப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய முகவரிப் பட்டியல் அது! இதைச் சொன்னதும் அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, “வீட்டு நம்பர்கூடவா?” என்று கேட்டான். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதவன், கல்வெட்டைப் பார்ப்பதற்கென்றே மறுபடி தஞ்சாவூர் பஸ் ஏறினான்.

எங்கள் ஊரை ஒட்டிய தாராசுரம் கோயிலிலும் இதே கதைதான். படியைத் தட்டினால் ஸ்வரம் வரும் என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். படிக்கட்டோ கம்பி வேலிக்குள் இருக்கிறது. ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களிடம், நாயன்மார் கதைகளைச் சொல்லும் சின்னச் சின்னச் சிற்பங்கள் சுவரின் கீழ்ப்பகுதியில் வரிசையாக இருப்பதை யாராவது சொல்ல வேண்டாமா? குனிந்து பார்த்தால்தான் தெரியும். கண்ணைத் தோண்டிக் கொடுத்தவர் கதை தெரியாத ஆளுக்கு அது வெறும் பொம்மை வரிசை.

சாமி சிலைகள் வார்க்கிற சுவாமிமலை பற்றி எழுதினால் சிலர் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை வார்க்கிற வேலையை நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் சில இடங்களில் பத்து நிமிஷம் பட்டறை, ஒரு மணி நேரம் ஷோரூம். ஆட்டோக்காரருக்குக் கமிஷன். அங்கிருந்து எவனும் உற்சாகமாகத் திரும்ப மாட்டான்.

இன்னொன்று, மதியம். பன்னிரண்டரை மணிக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகிவிடும். சுவாமிக்கு ஓய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடை சாத்தும் நேரத்தைப் பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வைத்தால், சித்திரை வெயிலில் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நிற்கிற பாடாவது மிச்சம். அந்த நேரத்தில் தஞ்சை அரண்மனைக்குப் போகச் சொல்லலாம். சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போகிறவர்கள், தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே இருப்பதைப் பற்றித்தான் திரும்பி வந்து வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பேசட்டுமே, அதுவும் நம் ஊர்ச் சமாச்சாரம்தானே!

செல்போனைப் பற்றி மட்டும் அந்த வாசகருக்கு ஒரு வார்த்தை. பெரிய கோயில் பிராகாரத்தில் உட்கார யாரும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. களைத்துப்போன பிள்ளைகள், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கும்பகோணம்