ஆட்டிசம் குழந்தைக்கு அங்கன்வாடி எப்படி இருக்கிறது?

ஆசிரியருக்கு,

அங்கன்வாடிகளையும் நர்சரி பள்ளிகளையும் ஆய்வு செய்ய வருபவர்கள் பெரும்பாலும் கட்டடம், கழிப்பறை, சத்துமாவு, வருகைப் பதிவேடு பார்க்கிறார்கள். சரி, அவையும் வேண்டும். ஆனால் ஆட்டிசம் உள்ள மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த அறை எப்படி இருக்கிறது என்பதை யார் பார்ப்பது?

அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சுவரில் படங்களாக வரிசையாக ஒட்டியிருக்கிறார்களா? இரைச்சல் தாங்காத பிள்ளை ஒதுங்கி உட்கார அமைதியான ஒரு மூலை உண்டா? பேச்சு வராத பிள்ளை தண்ணீர் கேட்கப் பட அட்டை இருக்கிறதா? விளையாட்டை நிறுத்திச் சாப்பிட அழைக்கும்போது முன்கூட்டியே சொல்கிறார்களா, கையைப் பிடித்து இழுக்கிறார்களா? அரை நாள் ஓரமாக உட்கார்ந்து கவனித்தால்தான் இதெல்லாம் தெரியும். சரிசெய்யப் பெரிய செலவும் ஆகாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்துதான் தருகிறது. அதற்கு முந்தைய, மிக முக்கியமான வயதை அங்கன்வாடிதான் தாங்க வேண்டியிருக்கிறது.

தர்மபுரி மாவட்ட நிர்வாகம் ஆய்வுப் படிவத்தில் இந்தக் கேள்விகளைச் சேர்க்க வேண்டும். ஆய்வுக்கு, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரையும் இத்தகைய பிள்ளையின் பெற்றோர் ஒருவரையும் அழைத்துச் செல்லட்டும். சிகிச்சை மையங்கள் எட்டாத பென்னாகரம், அரூர் மலைக் கிராமங்களிலிருந்தே தொடங்கலாம்.

- ஒரு தாய், பென்னாகரம்