11-ஆவது வளைவில் விழுந்தவன்

மாப்ளே,

போன மாதம் நீ நாலு தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அக்கா மகன் ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது 11-ஆவது கொண்டை ஊசி வளைவில் சறுக்கி மினி லாரிக்கடியில் போய்விட்டான். தொடை நசுங்கி, ஆளை வெளியே எடுக்கவே ஒரு மணி நேரம். அப்புறம் 108-இல் சேலம்.

இத்தனை வருஷம் லேப்பில் ஊரார் ரத்தத்தை எல்லாம் மெஷினில் ஓட்டியவன், வீட்டுப் பையன் ட்யூபைப் பார்த்ததும் கை நடுங்குகிறது. ரத்தத்தில் சேரும் லாக்டேட் என்ற பொருள் முதலில் 6.2. 2-க்குள் இருக்க வேண்டியது, ரத்தம் போய் உடம்புக்கு ஆக்சிஜன் பத்தாமல் போனால் ஏறும். ஆனால் அந்த சாம்பிள் ஐஸ் இல்லாமல் மேஜையிலேயே அரை மணி நேரம் கிடந்திருக்கிறது! ட்யூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் லாக்டேட் போட்டுக்கொண்டேதான் இருக்கும், சத்தம் போட்டு மறுபடி எடுக்க வைத்தேன், 5.1. மறுநாள் காலை 1.9-க்கு வந்த பிறகுதான் டீயே இறங்கியது.

அடுத்த பயம் கிட்னி. நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைத்துவிடும். அதற்குத்தான் சிபிகே, அதாவது தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் என்சைம், பார்ப்பது, 5,000-ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும், இவனுக்கு 18,000. சிறுநீர் கடுங்காப்பி நிறம். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள். "கிரியாட்டினின் நார்மல்தானே, எதுக்கு இவ்வளவு?" என்று மாமா ஒரே சண்டை. அது கிட்னி வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவு, மெதுவாகத்தான் ஏறும் மாமா, அது ஏறும் வரை காத்திருந்தால் டயாலிசிஸ்தான் என்று சொல்லி அடக்கினேன்.

மூன்றாம் நாள், உடம்பில் கிருமியோ வீக்கமோ இருந்தால் ஏறும் சிஆர்பி எகிறியதும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அதை நான் கண்டுகொள்ளவில்லை, அடிபட்ட உடம்பில் கிருமி இல்லாமலே அது இரண்டு மூன்று நாள் ஏறத்தான் செய்யும். கிருமித் தொற்றைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் புரோகால்சிடோனினும் அடிபட்டதற்கே ஏறும்தான், ஆனால் கிருமி இல்லையென்றால் தினமும் பாதிப் பாதியாக இறங்கிவிட வேண்டும். இவனுக்கும் அப்படித்தான் 0.8 வரை இறங்கியது, ஆறாம் நாள் திடீரென்று 3.4. காய்ச்சல் பெரிதாக இல்லை. அன்றைக்கு மட்டும் பார்த்திருந்தால் அடியால் வந்தது என்று விட்டிருப்பார்கள், முந்தின நாள் சீட்டு பக்கத்தில் இருந்ததால் டாக்டர் உடனே கட்டைப் பிரித்தார். உள்ளே சீழ். அன்றைக்கே தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணி, ஆன்டிபயாட்டிக்கையும் மாற்றினார்கள்.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறான். நேற்று, பைக்கை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறான், திருட்டுப் பயல். நீ கேட்ட மிளகு இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது வருகிறாய்?

உன் பழைய பெஞ்ச் கூட்டாளி