சிவப்பும் பச்சையும்

கிருஷ்ணகிரி

அன்புள்ள முருகேசு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. தம்பிக்கு மூளையில் லிம்போமா, வெள்ளை அணுக்களில் வரும் புற்றுநோய்.

மாங்காய் லோடு கணக்கில் தடுமாற ஆரம்பித்தான், அப்புறம் வலது கால் இழுத்தது. முதலில் பார்த்த இடத்தில் வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கட்டியே கரைந்ததுபோல ஆனது. நாங்களும் குணமென்று நம்பினோம். அந்த நேரத்தில் கட்டியில் துண்டு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் கட்டி திரும்பி வந்தது. லிம்போமா சந்தேகம் இருந்தால், முடிந்தவரை பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாதாம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெங்களூரில் மறுபடி எடுத்த பயாப்ஸியில் குரோமோசோமுக்குச் சாயம் ஒட்டிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்டும் செய்தார்கள். 23 ஜோடி குரோமோசோமை முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்தவன் நான், இப்போது தம்பியுடையதைப் படிக்கிறேன். ஒரு மரபணுவின் இரு பக்கமும் சிவப்பு, பச்சைச் சாயம் ஒட்டுவார்கள். முழுசாக இருந்தால் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். முறிந்திருந்தால் தனித்தனியாக மின்னும். இவனுக்குப் பிரிந்துவிட்டது: 3-ஆம் குரோமோசோமில் இருக்கும் பிசிஎல்6 என்ற மரபணு. அது பல நேரம் நோய் எதிர்ப்புப் புரதம் செய்யும் மரபணுவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதத்துக்கான வெள்ளை அணுவான பி செல்லில் அந்த மரபணு அணையாத அடுப்பு. பக்கத்துப் பாத்திரமும் கொதிக்கத்தானே செய்யும்? போதாதற்கு 6-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு துண்டைக் காணோம். இந்த நோயில் இதெல்லாம் அடிக்கடி பார்ப்பதுதானாம். ரிப்போர்ட்டால் மருந்து மாறாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் எனக்கு அது வேறு விதத்தில் உதவியது. தம்பி மகளுக்குப் பாலக்கோட்டில் சம்பந்தம் பேசியிருந்தோம். "குரோமோசோம் கோளாறாமே, வம்சத்துக்கே வருமா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டுவிட்டார். அவரும் மாந்தோப்பு வைத்திருப்பவர். "ஒரு கிளை திரிந்தால் வேரைச் சந்தேகப்படுவீர்களா? இந்த முறிவு இவன் உடம்பில் ஒரே ஒரு செல்லில் நடந்து, அது பெருகியது. பிறவியில் வந்ததில்லை, பிள்ளைக்கும் போகாது" என்றேன். "சரி, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்" என்று எழுந்தார். காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். அதையே நல்ல சகுனமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் தம்பி மனைவி.

மூளைக்குள் போகும்படி அதிக அளவில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறார்கள். மூன்றாவது தவணை திங்கட்கிழமை. அதற்கு முன்னால் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தர்மபுரியிலிருந்து ஒரு மணி நேரம்தானே, நீயும் வந்துவிடு. என் பேச்சு பாடம் நடத்துவதுபோல ஆகிவிடும், நீ பக்கத்தில் இருந்தால் காலை மிதிப்பாய்.

உன்,
சண்முகம்