எர்த் இல்லாத பாயிண்டில் எந்த மைக்கைச் செருகி என்ன பயன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மைக் என்ன விலை, மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டி என்ன விலை, ஹெட்போன் என்ன விலை என்று எல்லாம் போட்டிருந்தீர்கள், நல்லது. ஆனால் இத்தனையையும் கொண்டுபோய்ச் செருகுகிற பிளக் பாயிண்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் மூன்று வாரம் முழித்தது அதில்தான், அதனால் எழுதுகிறேன்.

நான் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு. வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் பதிவு செய்து அனுப்ப இவ்வளவு நாளும் செல்போன்தான். அதில் வலந்தலை (வலது பக்கம்) ஏதோ கேட்கும், தொப்பி (இடது பக்கம்) இருக்கிற இடமே தெரியாது, சாப்பு என்கிற அடி ஓங்கி ஒன்று விழுந்தால் அடுத்த நாலு சொல் (தட்டு) அமுங்கிப்போகும். இதைப் பார்த்துப் பொறுக்காமல் மருமகன் ஸ்கார்லெட் 2ஐ2 என்கிற சிவப்புப் பெட்டியையும் இரண்டு மைக்கையும் வாங்கி அனுப்பினார். இரண்டு மைக் செருகலாம் என்பதால் மிருதங்கத்தின் பக்கத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கென்றே செய்த மாதிரி.

பெட்டியில் ஆட்டோ என்று ஒரு வசதி உண்டு. அழுத்தினால் பத்து விநாடி நாம் வாசிப்பதைக் கேட்டுவிட்டு மைக் அளவை அதுவே வைத்துக்கொள்ளும். நான் வழக்கம்போல அடக்கி ஆரம்பித்தேன், அது ஏமாந்துவிட்டது, முடிப்பாக ஓங்கி வாசிக்கிற மோராவுக்கு வந்தபோது விளக்கு சிவப்பாகிவிட்டது. அப்புறம் பத்து விநாடியும் தீர்மானம் மாதிரி ஓங்கிப் போட்டு வாசித்துக் காட்டினேன், சரியாகிவிட்டது.

இன்னொன்று, லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றி வரும் சத்தத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசித்தால் கை தடுமாறுகிறது. சத்தத்தை லேப்டாப் எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்று சொல்லும் பஃபர் என்ற இடத்தில் 1024 என்று இருந்தது, போக வர நாற்பது மில்லி விநாடிக்கு மேல் தாமதம் என்றார் மருமகன். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் வேகமாக வாசிக்கிற மேல்காலத்தில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இருப்பதே தொண்ணூறு மில்லி விநாடிதான், பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து யாரோ நம் கையையே திருப்பி வாசிப்பது போல இருக்கும். டைரக்ட் என்ற பொத்தானை அழுத்தினால் லேப்டாப்பைச் சுற்றாமல் நேராகவே காதுக்கு வந்துவிடுகிறது. இதெல்லாம் இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது.

பிடிபடாதது ஒரு ரீங்காரம். வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பதிவில் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருந்தது. நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று அல்லவா, ஒரு கட்டை (மேல்நாட்டு C) சுருதிக்குத் தம்புரா வைத்தால் இந்த ரீங்காரம் கிட்டத்தட்டக் கீழ்ப் பஞ்சமத்தில் ('ப' சுரம்) வந்து விழுகிறது. சுத்தமாக விழுந்தாலாவது போகட்டும் என்று விடலாம், கொஞ்சம் ஏறி விழுகிறது. மூன்று வாரமும் அந்த அபசுரத்தோடுதான் குடித்தனம். கடையில் கேட்டால் கேபிளை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினேன், போகவில்லை. மைக்கை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், பெட்டியையே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அட்டைப்பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

ஒருநாள் ராத்திரி பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஃபேன் நின்றது, கூடவே ரீங்காரமும் நின்றது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் வந்ததும் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன், நிசப்தம். செருகினால் மறுபடி 'ம்ம்ம்'. வெறுங்காலோடு தரையில் நின்று பெட்டியின் மேல் விரலை வைத்தால் சுருக் சுருக்கென்றது.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். எர்த்துக்கான பச்சை ஒயர் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, மடக்கி, உள்ளே திணித்திருந்தது. பிளக்கின் மூன்றாவது ஓட்டை சும்மா ஓட்டைதான்! சார்ஜரில் கசிகிற துளி மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டியது, அதற்குப் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உடம்புக்கு ஏறி, அங்கிருந்து யுஎஸ்பி ஒயரில் இந்தப் பெட்டிக்கு வந்திருக்கிறது என்று விளக்கினார். கொல்லையில் எர்த் குழியும் காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, புது ஒயர் இழுத்துக் கொடுத்தார். ரீங்காரம் போய்விட்டது, சுருக்கென்று இழுப்பதும் போய்விட்டது. இனி எனக்குச் சண்டை ஃபேனோடு மட்டும்தான், அதை நிறுத்தினால் வேர்வை, போட்டால் இரைச்சல்.

கட்டுரையாளர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ரீங்காரம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடு, இரண்டு பின் கன்வெர்ட்டர் போடு என்று சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், என்னிடமே ஒருவர் சொன்னார். சில வீடுகளில் அப்படிச் செய்தால் சத்தம் நிற்கவும் நிற்கும், அதுதான் இதில் ஆபத்து, சத்தத்தோடு ஷாக்கிலிருந்து காக்கிற எர்த்தும் போய்விடுகிறது. வாயருகே இரும்பு மைக்கை வைத்துக்கொண்டு பாடுகிற பிள்ளைகள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அடுத்த முறை மைக் படத்துக்குப் பக்கத்தில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்டையும் ஒரு படம் போட்டு, எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மிருதங்க வாத்தியார்,
கும்பகோணம்