அப்பா கல்லறைக்கு கிரானைட் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. கல்லறை கட்டுகிறவரும் வந்து அளந்துவிட்டுப் போனார், கறுப்பு கிரானைட், தலைமாட்டில் சிலுவை, அப்பா போட்டோவைக் கல்லிலேயே பதித்துத் தருகிறாராம். நான் இன்னும் சரி சொல்லவில்லை. கோபப்படாமல் முழுசாகப் படி.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்சில் குளூனி மடத்திலிருந்து. உன் பள்ளிக்கூடத்தின் பெயரில் இருக்கிறதே, அதே ஊர்தான். அந்த மடத்துக்கு 994 முதல் 1049 வரை அதிபராக இருந்தவர் புனித ஓடிலோ, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. பார்க்க ஒல்லியாக, குள்ளமாக இருப்பாராம். லியோன் நகரத்துக்குப் பேராயராக இரு என்று பாப்பரசரே சொல்லியும் மாட்டேன் என்றுவிட்டார்.

இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அவருக்கு முன்பும் இருந்ததுதான், ஆனால் அவரவர் மடத்தில் இறந்தவர்களுக்கு அவரவர் ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். ஓடிலோ தனக்குக் கீழே இருந்த மடங்களுக்கெல்லாம் ஒரே கட்டளை போட்டார்: நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள் மாலை ஜெபம் முடிந்ததும் எல்லா மணிகளையும் அடியுங்கள், உலகம் உண்டானதிலிருந்து இறந்த விசுவாசிகள் எல்லாருக்காகவும் ஜெபியுங்கள், பூசை வையுங்கள். அதோடு ஏழைகளுக்குத் தர்மம் கொடுக்கவும் சொன்னார். பூவும் மெழுகுவர்த்தியும் நமக்கு வந்து சேர்ந்தன, அந்தத் தர்மத்தை மட்டும் எங்கேயோ விட்டுவிட்டோம்.

அவருக்கும் கல் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். குளூனியில் புதிதாகச் சுற்றுமண்டபம் கட்ட பளிங்குத் தூண்களை டுரான்ஸ், ரோன் ஆறுகள் வழியாகப் படாதபாடு பட்டுக் கொண்டுவர வைத்தவர், மரமாக இருந்த மடத்தைப் பளிங்காக விட்டுப்போகிறேன் என்று பெருமையாகச் சொன்னவர். ஆனால் 1030-களின் தொடக்கத்தில் விடாத மழையில் நிலம் விதைக்க முடியாமல் கிடந்து பெரும் பஞ்சம் வந்தபோது, அதே மனிதர் கோயில் பாத்திரங்களையும் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் ஹென்றி காணிக்கையாகக் கொடுத்திருந்த பொன்னையும்கூட உடைத்து விற்று, வந்த பணத்தில் சனங்களுக்குச் சோறு போட்டார். பீடத்துப் பொருளை எடுக்க ஒரு மடாதிபதிக்கு எப்படி மனசு வந்திருக்கும், யோசித்துப் பார்.

கண்டிப்பு போதாது என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. எனக்குத் தண்டனை வருமென்றால், கடுமையாக இருந்ததற்காக வருவதைவிட இரக்கப்பட்டதற்காக வரட்டும் என்பாராம். இதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் கடைக் கடன் நோட்டுதான் ஞாபகம் வந்தது. ‘தானே’ புயல் அடித்த அந்த வாரம், கரண்ட் இல்லை, தெருவெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, அப்பா கடைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் அரிசி அளந்து போட்டுக்கொண்டே இருந்தார், நோட்டை எடுக்கவே இல்லை. எழுதுங்கள் என்று நான் சொன்னதற்கு, பேனாவைக் காணோம் என்றார். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது.

ஓடிலோ தள்ளாத வயதில் மடங்களைப் பார்க்கப் போன வழியில் பிரான்சிலேயே சுவிஞி என்ற ஊரில் இறந்தார், தனக்கு முன் அதிபராக இருந்த புனித மயோலுக்குப் பக்கத்தில் அடக்கம். பிரெஞ்சுப் புரட்சியில் இருவர் எலும்பையும் எடுத்து எரித்துவிட்டார்கள். ஆனால் நவம்பர் 2 அன்று உலகம் முழுக்க இன்னும் பூசை நடக்கிறது, நம் அப்பாவையும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறார்கள்.

அதனால் நான் நினைப்பது இதுதான். கல்லறையைச் செங்கல்லில் கட்டி, பூசி வெள்ளையடித்து, சிலுவை வைத்து, பேரும் தேதியும் எழுதிவிடலாம். மீதிப் பணத்தில், கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் சாமியார் கல்லறைகளை ஆசீர்வதித்து முடித்ததும், கேட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், குழி வெட்டுகிறவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் எல்லாருக்கும் வயிறாரச் சாப்பாடு போடுவோம். பொட்டலம் வேண்டாம், பந்தி போட்டு இலையில். அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய் கூட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் கல்தான் வேண்டும் என்றால் அதையும் சொல், பேசுவோம். சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பதில் போடு.

அன்புடன்,
அம்மா