மூன்றாம் நாள் ஒயின்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போர்வெல்லில் தண்ணீர் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. உடனே எழுதியிருப்பேன். ஆனால் வீட்டில் ஒரு ஒயின் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தேன், அது தீர்ந்ததும் எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் இங்கே பிரான்ஸில், நாந்த் நகரத்திலிருந்து ரயிலேறி ஆன்ஜே போனேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், லுவார் ஆற்றின் வடகரையில், சவென்னியேர் என்ற சின்ன ஊர். அதில்தான் 'கூலே த செரான்' என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மொத்தமே 7 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 17 ஏக்கர். சிஸ்டர்சியன் துறவிகள் 1130-இல் கொடி நட்ட இடம். அந்தத் தோட்டத்துக்கென்றே தனியாக ஓர் அப்பெல்லாசியோன், அதாவது சட்டப்படி காக்கப்பட்ட ஊர்ப்பெயர், உண்டு. அந்தப் பெயரில் வேறு யாரும் ஒயின் போட முடியாது. திராட்சையும் ஒரே வகைதான், ஷெனன் ப்ளான்.

சரிவு நல்ல செங்குத்து. டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும் என்று குதிரை கட்டி உழுகிறார்கள். கீழே உதிர்ந்து கிடந்த கல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஏடு ஏடாகப் பிரிகிற கல். நகத்தை விட்டு நெம்பினால் ஒரு தகடு அப்படியே கழன்று வருகிறது. அந்த இடுக்குகளில்தான் வேர் இறங்குகிறதாம்.

உனக்குச் சொல்ல நினைத்தது நிக்கோலா ஜோலியின் கதை. நியூயார்க்கிலும் லண்டனிலும் வங்கி வேலை பார்த்தவர், 1977-இல் குடும்பத் தோட்டத்துக்குத் திரும்பினார். களைக்கொல்லி அடித்தால் செலவு மிச்சம் என்று யோசனை சொன்னார்கள், அடித்தார். இரண்டே வருஷத்தில் மண்ணின் நிறம் மாறியது, பூச்சிகள் காணாமல் போயின. அப்புறம்தான் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி 1924-இல் உழவர்களுக்குச் சொன்ன, ரசாயனம் இல்லாத முறைக்கு வந்தார். 1984-இல் தோட்டம் முழுக்க அந்த முறைதான்.

முறை இதுதான்: பசுக்கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்துவைக்கிறார்கள். வசந்தத்தில் எடுத்தால் நாற்றமே இல்லாத கறுப்பு மண் மாதிரி இருக்கும். அதில் ஹெக்டேருக்கு 100 கிராம் அளவில் எடுத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கம் சுற்றி நடுவில் ஆழமாகச் சுழல் விழுந்ததும், சட்டென்று மறுபக்கம் சுற்ற வேண்டும். நீ பஞ்சகவ்யத்தைக் காலையும் மாலையும் கலக்கிவிடுவாயே, அதுதான் ஞாபகம் வந்தது. அந்த முறையில் கிரகம், நட்சத்திரம் பார்த்து வேலை செய்வதும் உண்டு, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தினமும் கொடியிடம் போய் நின்று பார்க்கிறவன் தோட்டம் வேறு மாதிரிதான் இருக்கும் என்று முழுசாக நம்புகிறேன். அறுவடைகூட ஒரே மூச்சில் இல்லை, பழுத்த குலையை மட்டும் பார்த்து நாலைந்து தடவையாகப் பறிக்கிறார்கள்.

இனி நான் திறந்து வைத்த அந்தத் தோட்டத்துப் பாட்டில். ஒரு நாள் முன்னதாகவே திறந்து வைக்கச் சொல்வார்கள். நான் அவசரப்பட்டு, பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு ஊற்றிவிட்டேன். மெழுகு வாசனை, ஆப்பிள் தோலைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு, அவ்வளவுதான். இவ்வளவு விலை கொடுத்தோமே என்று வருத்தமாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் மூக்கருகே கொண்டுபோனதும் தேன் வாசம். மூன்றாம் நாள் அந்தத் தேனோடு உலர்ந்த பூவும் சீமைமாதுளம்பழமும் மணத்தன. வாயில் வைத்தால் துளி இனிப்புக் கிடையாது, கடைசியில் உப்புக்கல் பட்ட மாதிரி ஒரு ருசி நாக்கிலேயே நிற்கிறது. கிளாஸைக் காலி செய்த பிறகும் ரொம்ப நேரம் அதை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில் கட்டாயம் வா. இன்னொரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். நீ வந்து இறங்குகிற அன்றைக்கே திறந்துவிடுவேன், மூன்றாம் நாள் குடிக்கலாம். அந்தக் கல்லையும் உனக்காகத்தான் எடுத்துவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்