பொங்கலுக்கு ஸ்டாண்ட்பையில் ஊருக்கு வருகிறவர்களுக்கு

அண்ணன்மாரே, காக்காமாரே, தங்கச்சிமாரே,

கீழக்கரை, பாம்பன், தொண்டி என்று ஊர் வரப்போகும் நம் விமான ஊழியர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் படியுங்கள்.

ஸ்டாண்ட்பை டிக்கெட் (சீட்டு மிச்சமிருந்தால் மட்டும் ஏறலாம் என்று ஊழியர்களுக்குத் தரும் டிக்கெட்) கையில் இருப்பதாலேயே சீட்டு இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். காசு கொடுத்தவர்கள் ஏறியது போக மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அதிலும் சீனியர் முந்திவிடுவார். சென்னை - மதுரை ஏ.டி.ஆர். என்கிற சின்ன விமானம் என்றால் அதிகபட்சம் 78 இருக்கைதான். சில நாள் இருக்கை காலியாக இருந்தும், எடை கூடுதல் என்று நம்மை இறக்கிவிடுவார்கள். போன வருடம் போகி அன்று கேட்டில் என் பெயரைக் கூப்பிட்டு, விமானத்தில் ஏறும் பாலம் வரை நடக்கவிட்டு, திரும்பக் கூப்பிட்டார்கள். கையில் அம்மாவுக்கு வாங்கிய சேலை. அப்புறம் ராத்திரி பஸ்தான்.

சீட்டு இல்லையென்றால் ஜம்ப்சீட்டில் வரலாமா என்று கேட்டவர்களுக்கு: எழுந்தால் தானே மடங்கிக்கொள்ளும் அந்தப் பலகை இருக்கை விமானக் குழுவினருக்கானது. காக்பிட்டில், அதாவது விமானி அறையில் என்றால் கேப்டன் சம்மதமும் வேண்டும். கவுன்ட்டர் ஊழியருக்கோ குடும்பப் பாஸில் வரும் அத்தா, அம்மாவுக்கோ கிடைக்காது. சண்டை போட்டுப் பிரயோசனமில்லை.

அதனால் சென்னையிலிருந்து ராமநாதபுரம் வழியாகப் போகும் சேது எக்ஸ்பிரஸ் ரயிலிலும் ஒரு டிக்கெட் போட்டு வையுங்கள். மதுரையில் இறங்கினாலும் ராமநாதபுரத்துக்கு இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. எந்த விமானத்தில் வருகிறீர்கள் என்று இங்கே போடுங்கள், வண்டி சேர்ந்து பிடிக்கலாம்.

திரும்பும்போது நெத்திலிக் கருவாட்டை வாடை வராமல் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கவரில் கட்டுங்கள், சரியா?